முதலில் ஒரு டம்ளர் தேத்தண்ணி

2010 நவம்பரில் என் மகனுக்கு ஐந்து வயது நிறைந்தது. நீலகிரி மலையில் இருக்கும் கோத்தகிரியில் நாங்கள் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் நடந்த முதல் விசேஷம் அதுதான். எல்லோரும் வந்து வீட்டைப் பார்க்கட்டும் என்று முப்பத்தைந்து பேரை அழைத்திருந்தேன். காலை டிபன், மதியச் சாப்பாடு, இரண்டும் வீட்டுச் சமையல்.

முந்தின நாள் ராத்திரி அரைத்த இட்லி மாவை விடிந்ததும் திறந்து பார்த்தேன். அரைத்த அளவிலேயே கிடந்தது, துளி கூடப் பொங்கவில்லை. ஈரோட்டுச் சித்தி எழுதிக் கொடுத்த அளவுப்படி செய்த கேக் ஓவனில் அழகாக எழும்பி, வெளியே எடுத்த ஐந்து நிமிடத்தில் நடுவில் குழிந்துவிட்டது. பத்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது. பதினொன்றுக்குக் கரண்ட் போனது. சட்னி மிக்ஸியில் பாதியில் நின்றது. சிலிண்டர் தீரும் நிலையில் இருந்திருக்கிறது போல, தீ சிறுத்துக்கொண்டே போனது. சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு 38 படி இறங்க வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் நனைந்தபடி இறங்கி வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஹாலில் நின்றார்கள். நான் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

யாரும் பட்டினியாகப் போகவில்லை. வீட்டுக்காரர் ஓடிப்போய் பஜாரிலிருந்து பரோட்டா வாங்கி வந்தார், சாப்பாடு எப்படியோ நடந்தது. கிளம்பும்போது திருப்பூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் அடுப்படி வாசலில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க வந்தது உனக்குப் பெரிய சிரமமாப் போச்சு கண்ணு" என்றார். பிரியமாகத்தான் சொன்னார், குத்திக் காட்டவில்லை. அதனால்தான் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இட்லி கல்லாக இருந்ததை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருக்கிறார். வந்திருக்கக் கூடாதோ என்று ஒரு விருந்தாளி நினைக்கும்படி என் முகம் இருந்திருக்கிறது.

மறுநாள் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1964இல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலைநாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, 1973இல் நீலகிரிக்கு வந்து சேர்ந்தபோது அம்மாவுக்குப் பதினொரு வயது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில்தான் தாத்தாவும் பாட்டியும், பிறகு அம்மாவும் கொழுந்து பறித்தார்கள். நான் பிறந்து வளர்ந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ஒரு அறை, ஒரு சின்ன அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. அந்த வீட்டில்தான் என் தம்பிக்குக் காது குத்தினோம். அறுபது பேர் சாப்பிட்டார்கள். அன்று அம்மா குரலை உயர்த்தியதாகவோ, முகம் சுளித்ததாகவோ எனக்கு நினைவே இல்லை. வந்தவர்கள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

"எப்படிம்மா உனக்கு முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"மலை ஏறி வர்றவங்களுக்குப் பசி அப்புறம்தான் புள்ள. முதல்ல குளிரு. கையில சூடா தேத்தண்ணி குடுத்துட்டேன்னா ஒரு மணி நேரம் யாரும் சோத்தைக் கேக்க மாட்டாங்க. அந்த ஒரு மணி நேரம் நான் அவங்களோட உக்காந்திருப்பேன்."

அந்த வார்த்தையைத்தான் இந்தப் பதினைந்து வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு விசேஷத்துக்குத் திட்டம் போடும்போதெல்லாம் என் முன்னால் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: முதல் விருந்தாளி படியிறங்கி வந்த பிறகு நான் அவர்களோடு உட்கார முடியுமா? முடியாது என்றால் திட்டத்தில் எதையாவது எடுத்துவிட வேண்டும். வேறு வழியே கிடையாது.

தேத்தண்ணியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பால் கலந்து போட்ட டீ சீக்கிரம் ஆடை கட்டிவிடும், பிளாஸ்கில் அதிக நேரம் இருந்தால் வாடை மாறும். வெறும் தேத்தண்ணிக்கு அந்தத் தொல்லை இல்லை. இருபத்தைந்து பேருக்கு ஐந்து லிட்டர் தண்ணீரில் ஐம்பது கிராம் தூளும், தட்டிய இஞ்சி ஒரு கைப்பிடியும் போட்டு இறக்கி வடிகட்டினால் ஒரு சுற்று போக இரண்டாவது சுற்றுக்கும் வரும். முதலில் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டுத்தான் தேத்தண்ணியை ஊற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் எங்கள் ஊர்க் குளிருக்குப் பாதிச் சூட்டைப் பிளாஸ்க்கே குடித்துவிடும். பால் வேண்டும் என்பவர்களுக்குக் காய்ச்சிய பால் தனிப் பிளாஸ்கில். சர்க்கரை போடுவதில்லை, பக்கத்தில் ஒரு தட்டில் உடைத்த கருப்பட்டி. ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஒரு மிடறு தேத்தண்ணி, அதுதான் எங்கள் லயத்துப் பழக்கம். சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறுமனே குடிப்பார்கள். யாருக்கு எவ்வளவு இனிப்பு என்று கேட்டுக்கொண்டு நிற்கும் வேலையே இல்லை. பெரியவர்கள் டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் குடிக்காமல் அப்படியே வைத்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது நாள் பார்ப்பது. நான் சொல்வது பஞ்சாங்கத்தை அல்ல, வானத்தை. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை; அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை எப்போது எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பரில் இங்கே மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனதைப் பார்த்தவள் நான். அப்படியிருந்தும் அடுத்த வருட நவம்பரில் கீழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்களை வரச் சொன்னேன். பிறந்தநாள் என்று ஒன்று இருந்தால் அன்றைக்கேதான் கொண்டாட வேண்டும் என்ற எண்ணம். இப்போது பிறந்த தேதியன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்து வீட்டில் ஒரு பாயசம், அவ்வளவுதான். விருந்தை ஜனவரிக் கடைசிக்கோ பிப்ரவரிக்கோ தள்ளிவிடுகிறேன். அந்த மாதங்களில் ராத்திரி நடுங்கும். ஆனால் பகலில் வெயில் பொன்னாக இருக்கும், முற்றத்திலேயே ஜமுக்காளம் விரித்து உட்காரலாம். வீட்டுக்குள் பத்து பேர் குறைந்தாலே எனக்குப் பாதி வேலை குறைந்த மாதிரி.

ஏப்ரல், மே மாதத்தில் வைப்பதே இல்லை. சீசன் நெரிசலில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவதற்கே அரை நாள் போய்விடும். போக்குவரத்தையும் ஒருவழியாக மாற்றி, ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குன்னூரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்கும் முறையும் வந்துவிட்டது. நீலகிரியில் பதிவான நம் டிஎன் 43 வண்டிகளுக்கும் பஸ்ஸில் வருபவர்களுக்கும் அது வேண்டாம். ஆகவே அழைக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். "பாஸ் எடுத்தாச்சா" என்று முந்தின நாள் ஒரு போன். அதே போனில் இன்னொன்றும் சொல்வேன்: சின்னத் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை எதுவும் கொண்டுவராதீர்கள், நீலகிரியில் தடை, குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். ஆசையாக வருகிறவர்கள் வழியில் அபராதம் கட்டிவிட்டு வாடிய முகத்தோடு வருவது நமக்கும் நல்லதில்லை.

நேரம் பதினொன்றிலிருந்து மூன்றரை என்று அழைப்பிலேயே போட்டுவிடுவேன். முடியும் நேரத்தைச் சொன்னால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று முதலில் தயங்கினேன். யாரும் அப்படி நினைக்கவில்லை. மலை இறங்க வேண்டியவர்களுக்கு அது பெரிய உதவி. நாலு மணிக்கு மேல் மூடுபனி ஏறினால் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு கூடத் தெரியாது.

எத்தனை பேர் என்பதில் என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. எங்கள் வீடு தாங்குவது இருபத்தைந்து. அதற்கு மேல் போனால் யாரோ ஒருவரிடம் நான் இரண்டு வார்த்தை பேசாமலே அவர் போய்விடுவார். அக்கம்பக்கத்தையும் அழைக்க வேண்டும், சொந்தத்தையும் விட முடியாது என்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்கிறேன்: ஞாயிறு மதியம் சொந்தங்களுக்குச் சாப்பாடு, அடுத்த சனி சாயங்காலம் தெருக்காரர்களுக்கு வர்க்கியும் டீயும் சுண்டலும். செலவு ஒன்றும் கூடிவிடாது. ஒரே நாளில் ஐம்பது பேரைச் சமாளிப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சமையலுக்கு வருகிறேன், இதில்தான் மலை நமக்கு நிறையப் பாடம் சொல்லும். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால்தான் பருப்பு கொதித்துக்கொண்டே இருக்கும், ஆனால் வேகாது. கீழே ஐந்து விசிலில் வேகும் கொண்டைக்கடலைக்கு நான் எட்டு வைக்கிறேன், அதுவும் முழுசாகப் பன்னிரண்டு மணி நேரம் ஊறிய பிறகு. சாதத்தையும் பெரிய அண்டாவில் வடிப்பதை விட்டுவிட்டேன். நடு அரிசி நறுக்கென்று நிற்கும். இருபத்தைந்து பேருக்கு மூன்று கிலோ அரிசி, இரண்டு பெரிய குக்கரில் பாதிப் பாதியாக வைத்து, வெந்ததும் பாத்திரத்தோடு பழைய கம்பளியில் சுற்றி மூலையில் வைத்துவிட்டால் இரண்டு மணி நேரம் ஆவி பறக்கும்.

இட்லி மாவுக்கு நான் கண்டுபிடித்த வழி மீன்காரர் பெட்டி. மீன்கடையில் ஐஸ் போட்டு வைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, சோடா மாவு போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் வைத்து வாடை போக்கினேன். மாவைக் கையால் நன்றாகக் கலக்கி, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி, அந்தப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் மூடிய தூக்குவாளி ஒன்றில் வெந்நீர். படுக்கப் போகும் முன் வெந்நீரை ஒரு தரம் மாற்றினால் போதும். வெளியே விட்டால் ஒரு நாள் முழுக்க ஆனாலும் அசையாத மாவு, பன்னிரண்டு மணி நேரத்தில் மூடியைத் தூக்கும். தயிரும் அதே பெட்டியில்தான். பிரை மோரைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, பால் விரல் பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே உறை ஊற்றிவிட வேண்டும்.

கேக்குக்கும் காரணம் தெரிந்தது. உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறையும், மாவுக்குள் உண்டாகும் காற்று அதிகமாக விரியும். மாவு கெட்டிப்படுவதற்கு முன்பே உப்பிவிட்டு, அப்புறம் தாங்காமல் அமுங்கிவிடும். சித்தி எழுதிய ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடரை முக்கால் ஸ்பூனாகக் குறைத்தேன், சர்க்கரையையும் ஒரு பிடி குறைத்தேன், பால் இரண்டு கரண்டி கூட்டினேன். அதன் பிறகு ஒருமுறைகூட நடுவில் குழியவில்லை.

சிலிண்டர் விஷயம் முக்கியம். குளிரில் உள்ளே இருக்கும் திரவம் வாயுவாக மாறுவது மெதுவாகும். தீரும் நிலையில் உள்ள சிலிண்டரில் இரண்டு பெரிய அடுப்பையும் சேர்த்து எரித்தால் தீ படுத்துவிடும். விசேஷத்துக்கு முந்தின நாள் நிறைந்த சிலிண்டரை மாட்டிவிடுங்கள், பழையதை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், ஆபத்து.

என்ன சமைப்பது என்பதில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். விருந்தாளி வந்த பிறகு அடுப்பில் நின்று சுட வேண்டிய எதுவும் கிடையாது. தோசை, பூரி, பஜ்ஜி, தேங்காய் ரொட்டி, எல்லாம் எனக்குப் பிடித்தவைதான். ஆனால் இருபத்தைந்து பேருக்குச் சுட்டுப் போட ஆரம்பித்தால் அன்று நான் யாரையும் பார்க்கப் போவதில்லை. அதனால் முந்தின நாள் வைத்தால் ருசி கூடுகிற பதார்த்தங்களாகத் தேர்ந்தெடுக்கிறேன். கோழிக் குழம்பும் புளிக்குழம்பும் அப்படித்தான். உருளைக்கிழங்கு மசாலாவுக்குக் கிழங்கை முந்தின நாளே வேகவைத்து உரித்து வைத்துவிடலாம். கேரட்டும் பீட்ரூட்டும் நம் தோட்டத்துச் சரக்கு, பச்சடிக்குக் காலையில் துருவினால் போதும். மேரக்காய் (சௌசௌ) கூட்டு பத்து மணிக்குள் முடிந்துவிடும். இன்னொன்று: நெய், டால்டா, தேங்காய் எண்ணெய் எல்லாம் இங்கே தட்டில் விழுந்த ஐந்தாவது நிமிடம் வெள்ளையாக உறைய ஆரம்பிக்கும். ஆட்டுக்கறிக் கொழுப்பு அதைவிட மோசம், வாயில் மேலண்ணத்தில் ஒட்டும். ஆகவே விருந்துக்குக் கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய்ச் சமையல்தான். எவர்சில்வர் தட்டுகளை வெந்நீரில் முக்கித் துடைத்து அடுக்கி வைத்தால் சோறு ஆறாது. இதைச் செய்ய ஒரு பெரிய அன்னக்கூடையும் ஒரு சின்னப் பையனும் போதும். பையன்களுக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

இப்போது காலண்டர் தாளைப் பற்றிச் சொல்கிறேன். கிழித்த மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில் மூன்று கட்டம் போடுவேன்: முந்தின நாள், அன்று பத்து மணிக்குள், வந்த பிறகு. எல்லா வேலையையும் மனதில் வந்தபடி முதலில் எழுதி, பிறகு மூன்றாவது கட்டத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக முதல் இரண்டு கட்டத்துக்குத் தள்ளிக்கொண்டே வருவேன். கடைசியில் மூன்றாவது கட்டத்தில் நாலைந்து வரிதான் மிஞ்ச வேண்டும்: தேத்தண்ணி ஊற்றுவது, தட்டு முக்குவது, பரிமாறுவது, தண்ணீர் நிரப்புவது, பாயசம் சூடு பண்ணுவது. அந்தத் தாளை அடுப்படிக் கதவில் ஒட்டிவிடுவேன். வருகிற பெண்கள் எல்லோரும் "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருவார்கள். முன்பெல்லாம் "ஒன்னும் வேண்டாம், நீங்க போய் உக்காருங்க" என்பேன். அது உபசாரம் என்று நினைத்தேன். உண்மையில் அவர்களுக்கும் அது ஒரு சங்கடம். புது இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது எல்லோராலும் முடியாது. இப்போது கதவைக் காட்டுவேன். "அதுல எது புடிச்சிருக்கோ எடுத்துக்குங்க" என்பேன். எடுத்துக்கொண்டவர்கள் பக்கத்தில் தங்கள் பெயரை எழுதுவார்கள். வீட்டு ஆண்களும் எழுதுகிறார்கள். தண்ணீர் நிரப்புவது என் வீட்டுக்காரர் வேலை என்று பல வருடமாகிவிட்டது. எங்கள் பக்கம் குழாயில் தினமும் தண்ணீர் வராது, அதனால் இரண்டு நாள் முன்பே டிரம் இரண்டையும் நிரப்பி வைப்பதும் அவர் பொறுப்பு.

வருகிறவர்களை வாசலில் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் பாதி விருந்து இருக்கிறது. வளைவு வளைவாக ஏறி வந்த பிள்ளைகள் வாந்தி எடுத்துக் களைத்துப்போய் இருக்கும். அவர்கள் கையில் உடனே லட்டையோ முறுக்கையோ கொடுக்காதீர்கள். முகம் கழுவ ஒரு வாளி வெந்நீர், ஒரு துண்டு, குடிக்க உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் வெதுவெதுப்பாக. அரை மணி நேரத்தில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓட ஆரம்பித்துவிடும். மேலே சாலையில் ஒருவர் நின்று வயதானவர்களைக் கைப்பிடித்து 38 படியும் இறக்கிக் கொண்டுவர வேண்டும். இதற்கு என் மகனும் அவன் சேக்காளிகளும். பத்தொன்பதாவது படியில் ஒரு நாற்காலி போட்டிருப்பேன். அதில் உட்காராமல் போகிற பெரியவர்கள் ரொம்பக் குறைவு.

கதவை ஒட்டி ஒரு பிரப்பங்கூடை. அதில் வீட்டில் சேர்ந்த பழைய ஸ்வெட்டர், சால்வை, மங்கி குல்லா, காலுறை எல்லாம் துவைத்து மடித்து வைத்திருப்பேன். கீழ்நாட்டுக்காரர்கள் வெயிலைப் பார்த்துவிட்டுப் பருத்திப் புடவையோடு வந்து இறங்குவார்கள், பிற்பகலில் நடுங்குவார்கள். கேட்கக் கூச்சப்படுவார்கள். கூடை வாசலிலேயே இருந்தால் கேட்க வேண்டியதில்லை, தாங்களே எடுத்துக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா நீலகிரியின் படகர் சமூகத்தைச் சேர்ந்தவர்; ஒவ்வொரு விசேஷத்துக்கும் அவர்கள் வீட்டுப் பலகாரமான துப்பதிட்டு சுட்டுக் கொண்டுவருவார். ஆரம்பத்தில் நம் சாப்பாட்டோடு சேருமா என்று யோசித்தேன். இப்போது அது இல்லாமல் எங்கள் வீட்டில் விருந்து கிடையாது, காலண்டர் தாளில் அதற்கென்று ஒரு வரி உண்டு. அவரவர் கொண்டுவந்ததை முதல் பந்தியிலேயே எடுத்து வைத்து, யார் கொண்டுவந்தது என்று சொல்லிப் பரிமாற வேண்டும். மூடி போட்டு அடுப்படியில் வைத்துவிட்டு மறந்துபோனால் அந்த மனசு நோகும்.

இவ்வளவு செய்தும் ஏதாவது ஒன்று தப்பும். ஒரு தரம் கோழிக் குழம்பைச் சூடு பண்ண வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்ததில் அடி பிடித்துவிட்டது. கிளறாமல் மேலாக எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன், பாதிதான் தேறியது. இருபது முட்டையை வேகவைத்து உரித்துக் கீறி அதில் போட்டேன். வெளியே வந்து, "கோழி கொஞ்சம் அடி பிடிச்சுருச்சு, முட்டையும் சேர்த்திருக்கேன்" என்று ஒரே தடவை சொன்னேன். அவ்வளவுதான். முன்பு இருந்த நானாக இருந்தால் ஒவ்வொருவர் தட்டின் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்டிருப்பேன், அவர்களும் ஒவ்வொரு வாய்க்கும் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட வேண்டியிருந்திருக்கும். அது விருந்தாளிக்கு நாம் கொடுக்கும் வேலை.

முடிக்கும்போது கவனிக்க வேண்டியது கரடி. எங்கள் பகுதியில் கரடியும் காட்டுமாடும் சாதாரணமாக நடமாடுகின்றன. கரடிக்கு எண்ணெயும் இனிப்பும் எட்டின தூரத்துக்கு வாசம் அடிக்கும்; கோயில் விளக்கு எண்ணெய்க்காகக் கதவை உடைத்ததெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு பொங்கலன்று களைப்பில், பாயசம் ஒட்டிய அண்டாவைப் பின்வாசலில் ஊறப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். நடு ராத்திரி அண்டா உருளும் சத்தம். யாரும் கதவைத் திறக்கவில்லை. காலையில் பார்த்தால் அண்டா சரிவில் பத்தடி கீழே கிடந்தது, உள்ளே துடைத்து வைத்த மாதிரி பளபளப்பு, ஈர மண்ணில் ஐந்து நகமும் பதிந்த தடம். அன்றிலிருந்து எவ்வளவு களைப்பாக இருந்தாலும் எண்ணெய்ப் பாத்திரமும் இனிப்புப் பாத்திரமும் இருட்டுவதற்கு முன் கழுவி உள்ளே வந்துவிட வேண்டும். எலும்பும் எச்சில் இலையும் மூடி போட்ட டிரம்மில், மறுநாள் குப்பை வண்டி வரும் வரை வீட்டுக்குள். தெருக்காரர்கள் கிளம்பும்போதும் தனித்தனியாக அனுப்புவதில்லை. நாலு பேராகச் சேர்ந்து, டார்ச்சோடு, பேசிக்கொண்டே போகச் சொல்வோம்.

2025 பிப்ரவரியில் மாமனாருக்கு எண்பது நிறைந்தது. திருப்பூர் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். வந்ததும் கூடையிலிருந்து ஒரு பச்சை ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணி டம்ளரோடு முற்றத்து ஜமுக்காளத்தில் போய் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பனியன் கம்பெனி வேலை, மருமகளுக்கு இது ஏழாவது மாதம், முட்டி வலி என்று பேசிக்கொண்டேயிருந்தோம். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் எதிரே உட்கார்ந்து கருப்பட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டேகாலுக்கு நாத்தனார் தானாகவே எழுந்து போய், கதவில் ஒட்டிய தாளைப் படித்துவிட்டு, பாயசத்துக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார்.

மூன்றரைக்கு எல்லோரும் கிளம்பினார்கள். ஐந்து மணி சுமாருக்குப் போன் வந்தது. மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டார்களாம்.

"கண்ணு, உன்னோட ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டே வந்துட்டேன். இங்க வந்து வேர்த்தப்பதான் தெரிஞ்சுது."

"இருக்கட்டும் அண்ணி" என்றேன். "அடுத்த தடவை வரும்போது போட்டுக்கிட்டே வாங்க."